பழைய வீடு புதிய அறையைத் தாங்குமா? – வாசகர் கேள்வி பதில்

வீட்டை விரிவாக்குவது பற்றிக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான கடிதங்கள் புதிய அறை எத்தனை அடி இருக்கலாம், சதுர அடிக்கு என்ன செலவாகும் என்றே கேட்கின்றன. இப்போதுள்ள வீட்டின் நிலையை எழுதியவர்கள் மிகக் குறைவு. விடையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பதால், பழைய வீட்டைப் பற்றியே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் 1997-இல் என் தந்தையார் கட்டிய தரைத்தள வீட்டில் வசிக்கிறோம். பின்னாளில் மாடி எடுப்பதற்காக மொட்டை மாடியில் எல்லாப் பில்லர்களிலும் கம்பி விட்டு வைத்திருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் மேலே இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும் கட்ட விரும்புகிறோம். எங்களுக்குப் பழக்கமான மேஸ்திரி, “கம்பிதான் விட்டிருக்கிறதே, தாராளமாகக் கட்டலாம்” என்கிறார். அவர் சொல்வதை நம்பித் தொடங்கலாமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: கம்பி விட்டிருப்பது உங்கள் தந்தையாரின் எண்ணத்துக்குச் சான்று, கடைக்காலின் வலுவுக்குச் சான்று ஆகாது. மாடிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கடைக்கால் எடுத்தவர்களும் உண்டு. கையிலிருந்த பணத்துக்கு ஏற்பக் கடைக்காலை முடித்துவிட்டு, கம்பியை மட்டும் நீட்டி வைத்தவர்களும் உண்டு. மொட்டை மாடியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு வீடுகளும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே அன்றைய வரைபடமோ, கம்பி அளவு எழுதிய தாளோ, ஜல்லி, கம்பி வாங்கிய கணக்கு நோட்டோ பீரோவில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், ஒரு பில்லரின் ஓரமாக மண்ணைத் தோண்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

தோண்டுவதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் முறையாகத் தோண்ட வேண்டும். கட்டுமானப் பொறியாளர் ஒருவர் உடனிருக்க, மழைக்காலம் இல்லாத நாளில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு குழி மட்டும் எடுத்து, பில்லரின் அடியில் அகன்றிருக்கும் கான்கிரீட் பாதமான ஃபுட்டிங்கின் விளிம்பும் அடிமட்டமும் கண்ணில் படும் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஃபுட்டிங்குக்கு அடியிலுள்ள மண்ணைக் கிளறவே கூடாது. ஃபுட்டிங்கின் நீளம், அகலம், கனம், அடியிலிருப்பது மணலா களிமண்ணா, எத்தனை அடியில் தண்ணீர் ஊறுகிறது என்பவற்றை அளந்து எழுதிய பிறகு, அன்றே மண்ணை நிரப்பித் திமிசு போட்டு இறுக்கிவிட வேண்டும். வீட்டின் நடுப் பில்லர் ஒன்றையும் மூலைப் பில்லர் ஒன்றையும் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

அந்த அளவுகள் எதற்கு என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். நடுப் பில்லர் ஒன்று 12 அடிக்கு 12 அடி பரப்பின் சுமையைத் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 13.4 சதுர மீட்டர். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சற்றேறக்குறைய 310 கிலோ. தரைப் பூச்சும் டைல்ஸும் 100 கிலோ. மனிதர்களுக்கும் சாமான்களுக்கும் விதிகள் கணக்கில் கொள்ளச் சொல்லும் சுமை 200 கிலோ. ஆக 8 டன்னுக்கு மேல் வருகிறது. அதே பரப்பில் 24 அடி நீளத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்து அடி உயரம் எழுந்தால், சுவர் மட்டும் 10 டன். பீமையும் பில்லரையும் சேர்த்தால் ஒரு தளத்துக்கு 20 டன் ஆகிவிடுகிறது. ஃபுட்டிங் ஐந்தடிக்கு ஐந்தடி இருந்து, மண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கக்கூடியது என்றால், அந்த ஃபுட்டிங்கால் ஏறக்குறைய 23 டன் வரைதான் தாங்க முடியும். கீழ்வீட்டுக்கே அது சரியாகப் போய்விட்டது. மாடிக்கு அங்கே இடம் இல்லை. உங்கள் வீட்டின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் “தாராளமாகக் கட்டலாம்” என்று எவரும் சொல்ல முடியாது.

கணக்கு சற்றே இடித்தால் சுமையைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. மேலே ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குப் பதிலாக ஆறு அங்குல ஏ.ஏ.சி. பிளாக்கில் (காற்றுத் துளைகள் கொண்ட இலகுவான கான்கிரீட் கல்) கட்டினால், பூச்சோடு சேர்த்தும் சுவரின் எடை பாதிக்குக் கீழே வந்துவிடும். மொட்டை மாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு அடித்து, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். நான்கு அங்குலக் கனத்தில் அது சதுர மீட்டருக்கு 190 கிலோ அளவுக்கு இருக்கும். மாடி வந்த பிறகு அதற்கு வேலையே இல்லை என்பதால், அதைப் பெயர்த்து எடுத்துவிட்டு மாடித் தரையைப் போடுவது நல்லது. பெயர்க்க மனமில்லாமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிய வீடுகளைப் பல இடங்களில் பார்க்கிறேன். வீடு வீணான ஒரு சுமையைக் காலமெல்லாம் சுமந்துகொண்டு நிற்கிறது. சுமையைக் குறைத்தும் ஃபுட்டிங் போதாது என்று தெரிந்தால், மாடியின் பரப்பைக் குறைப்பதா, ஃபுட்டிங்கைச் சுற்றிக் கான்கிரீட்டால் அகலப்படுத்துவதா என்று பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். அகலப்படுத்தும் வேலை நடக்கக்கூடியதே, ஆனால் தரையைப் பெயர்த்துச் செய்ய வேண்டியதாகையால் செலவு அதிகம்.

அடுத்து, நீட்டிவிட்ட அந்தக் கம்பிகள். கடற்கரையை ஒட்டிய ஊரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உப்புக் காற்றிலும் மழையிலும் நின்ற கம்பி அது. ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால், கம்பிப் பிரஷால் நன்றாகத் தேய்த்துவிட்டு, எஞ்சியிருக்கும் விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளக்கச் சொல்லுங்கள். 12 மி.மீ. கம்பி 11 மி.மீ. ஆகியிருந்தால் ஒரு மில்லிமீட்டர்தானே போனது என்று தோன்றும். வெட்டுப் பரப்பில் அது 16 விழுக்காட்டு இழப்பு. 10 மி.மீ. ஆகியிருந்தால் 30 விழுக்காடு போய்விட்டது. கம்பி தளத்திலிருந்து வெளியே வரும் அந்த அடிப்பகுதிதான் மிகவும் அரித்திருக்கும், ஏனென்றால் மழைநீர் அங்கேதான் தேங்கி நிற்கிறது. அங்கே கான்கிரீட்டைச் சில அங்குலம் கொத்தி எடுத்து, நல்ல கம்பி தென்படும் இடம் வரை போய், அங்கிருந்து புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்ட வேண்டும். 12 மி.மீ. கம்பிக்கு இரண்டடி அளவுக்காவது ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. அந்த நீளத்துக்கு நல்ல கம்பி கிடைக்காவிட்டால் துளையிட்டு ரசாயனப் பசையில் புதுக் கம்பியைப் பதிக்கும் முறை உண்டு. அதன் ஆழத்தையும் எண்ணிக்கையையும் வடிவமைப்பாளர் எழுதித் தந்த பிறகே செய்ய வேண்டும்.

கீழ்வீட்டுக் கான்கிரீட்டின் நிலையையும் பார்த்துவிடுங்கள். பில்லரின் மூலையில் நேர்க்கோடாக மேலிருந்து கீழ் ஓடும் விரிசலும், தளத்தின் அடியில் பூச்சு ஊதிக்கொண்டு விழுவதும் உள்ளே கம்பி துருப்பிடிப்பதன் அடையாளங்கள். ஒரு சிறு துண்டைப் பெயர்த்து, புதிதாக உடைந்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் பளிச்சென்று ரோஜா நிறமாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயுவால் காரத்தன்மையை இழந்த பகுதி நிறம் மாறாமலே நிற்கும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால், சீரமைக்காமல் அந்த வீட்டின் மேல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

புதுக் கான்கிரீட்டுக்கு எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கடலை ஒட்டிய பகுதிகளின் போர்த் தண்ணீர் பல தெருக்களில் உப்பாகவே இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 வரம்பு வைத்திருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டு, வரம்பைத் தாண்டினால் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் துருவோடு போராடுவதை நினைத்தால் அந்தச் செலவு சிறியது.

வேலையைத் தை மாதத்தில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் கூரையை முடித்துவிடலாம். கோடை வெயிலில், கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் நீராற்றும் வேலையில் சிறிதும் தளரக் கூடாது. இப்போது கடைகளில் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்குப் பத்து நாள் நீராற்றுவது குறைந்த அளவு. சென்ட்ரிங் ஆட்கள் அவசரப்படுத்தினாலும் தளத்தின் முட்டுகளை முன்னதாக எடுக்க விடாதீர்கள். 15 அடிக்கு உட்பட்ட இடைவெளிக்கு ஏழு நாள், அதற்கு மேற்பட்டால் பதினான்கு நாள், பீமுக்குக் குறைந்தது பதினான்கு நாள்.

அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டதால், நீங்கள் அணுக வேண்டியது மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி தரும் முறையைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. சிலர் இதைக் கேள்வி கேட்பார் இல்லாத அனுமதி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அலுவலகம் முன்கூட்டிச் சரிபார்க்கும் வேலை குறைந்திருக்கிறதே தவிர, சான்றில் கையெழுத்திடும் உங்கள் பொறுப்பு அதனால் கூடியிருக்கிறது. உங்கள் மேஸ்திரியின் கைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் சொல்ல வேண்டியது எப்படிக் கட்டுவது என்பதை. தாங்குமா என்பதைச் சொல்ல வேண்டியவர் பொறியாளர்.

கேள்வி: புதுச்சேரி ரெயின்போ நகரில் சிறிய வீடு. மாமியாரால் இனி மாடி ஏற முடியாது என்பதால், முன்பக்க போர்டிகோவை மூடிக் கழிவறையோடு கூடிய ஓர் அறையாக்க நினைக்கிறோம். மூன்று பக்கம் சுவர் எழுப்பினால் போதும் என்கிறார்கள். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதையும் கவனத்தில் கொண்டு ஆலோசனை கூற வேண்டுகிறேன்.
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: மூன்று பக்கம் சுவர் எழுப்பினால் போதும் என்பதில் ஒரு பெரிய விடுபாடு இருக்கிறது. போர்டிகோவின் தரை வண்டி நிறுத்துவதற்காக மண்ணை நிரப்பிப் போட்ட தரை. அதற்கு அடியில் கடைக்கால் இல்லை. அந்தத் தரையின் மேலேயே சுவரை எழுப்பினால், ஒன்றிரண்டு மழைக்காலங்களில் சுவர் இறங்கி, பழைய வீட்டோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழ் வரை வெடிப்பு விடும். புதுச் சுவருக்குத் தனிக் கடைக்காலோ, தரை மட்டத்தில் பில்லர்களை இணைக்கும் பிளிந்த் பீமோ கட்டாயம் வேண்டும். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தைப் பூசி மறைக்காமல், அரை அங்குல இடைவெளி விட்டு, நெகிழும் சீலன்ட்டால் அடைத்துவிடுவது நல்லது. இரண்டும் வேறு வேறு காலத்தில் மண்ணில் அமர்பவை என்பதால் தனித்தனியே அசைய இடம் தர வேண்டும்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் தரை மட்டத்தில் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது; உங்கள் நகரும் பக்கத்துக் கிருஷ்ணா நகரும் என்ன ஆயின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போர்டிகோவின் தரை பொதுவாக வீட்டுத் தரையைவிடத் தாழ்வாகவே இருக்கும். அதே மட்டத்தில் அறையை அமைத்தால், வீட்டில் எல்லோருக்கும் முன்னதாகத் தண்ணீர் நுழைவது எழுந்து நடக்கச் சிரமப்படும் பெரியவரின் அறைக்குள்தான். ஆகவே புது அறையின் தரை வீட்டுக் கூடத்தின் மட்டத்துக்காவது உயர வேண்டும். கூடத்துக்கும் அறைக்கும் இடையே படியோ நிலைவாசல் கட்டையோ இருக்கக் கூடாது. தெருவிலிருந்து ஏறி வருவதற்குச் சாய்தளம் அமைப்பதானால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற சரிவே முதியவர்களுக்கு ஏற்றது. அந்த நீளத்துக்கு முன்புறம் இடம் இல்லையென்றால், பக்கவாட்டுச் சந்தில் திருப்பிவிடப் பாருங்கள்.

கழிவறைக்கு வெளியே செல்லும் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். தெருச் சாக்கடை நிரம்பும்போது தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறை வழியாகத்தான் மேலெழும்பும். பிளக் பாயிண்டுகளைத் தரையிலிருந்து மூன்றடிக்கு மேலேயே வையுங்கள். கழிவறைக் கதவு மூன்றடி அகலம் இருந்து, வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே யாரேனும் விழுந்துவிட்டால் உள்பக்கமாகத் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. வேலையைத் தொடங்கும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள். கூடத்தை ஒட்டித் தரைத்தளத்திலேயே ஒரு படுக்கையறை இருந்து, அதில் இப்போது பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால், பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டு அந்த அறைக்குக் கழிவறையை மட்டும் சேர்ப்பது செலவிலும் காலத்திலும் மிகக் குறைவானது. மாமியாருக்கும் தெரு இரைச்சல் இல்லாத, வீட்டார் நடமாட்டத்துக்கு நடுவிலான இடம் கிடைக்கும்.

கேள்வி: புதுச்சேரியில் தமிழர் பகுதித் தெரு ஒன்றில் எங்கள் பூர்வீக வீடு உள்ளது. திண்ணை, தூண் வைத்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே தேக்குக் கட்டை போட்ட பழைய தளம். முற்றத்தைக் கான்கிரீட் போட்டு மூடினால் பெரிய கூடம் கிடைக்கும், அதன் மேல் ஓர் அறையும் எடுக்கலாம் என்று என் தம்பி கூறுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லக் காரணமும் தெரியவில்லை.
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: உங்கள் மனம் ஒப்பாததற்குக் கட்டடக் கலையிலேயே காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டப்பட்ட வீடு அது. பக்கவாட்டில் சன்னல் இல்லை. வெளிச்சமும் காற்றும் வருவது முன்வாசல், கொல்லைவாசல், முற்றம் என்ற மூன்றின் வழியாகத்தான். வெயிலில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போக, அந்த இடத்தை நிரப்பத் தெருவிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே வருகிறது. முற்றத்தை மூடிவிட்டால் தாழ்வாரத்து அறைகள் அத்தனையும் பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அறைகளாகிவிடும். ஒரு கூடத்தைப் பெற்று நான்கு அறைகளை இழப்பதை விரிவாக்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சுமையின் பக்கமிருந்து பார்த்தாலும் இது சரிவராது. முற்றத்துத் தூண்கள் ஓடு வேய்ந்த சாய்வுக் கூரையைத் தாங்குவதற்காக நிறுத்தப்பட்டவை. அடியில் ஒரு கல் மட்டுமே இருக்கும். கான்கிரீட் தளத்தை அவற்றின் தலையில் ஏற்ற முடியாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர்கள் தடிமனாக இருந்தாலும், பீமின் முனை ஒரே இடத்தில் அழுத்தும்போது அந்த இடம் நொறுங்கும். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மேல் அறை எழுப்ப வேண்டுமானால், சுவருக்குள் நுழைந்திருக்கும் ஒவ்வொரு கட்டையின் முனையையும் முதலில் பார்க்க வேண்டும். நடுவில் கல்போல இருக்கும் கட்டை, சுவருக்குள் ஈரம் பட்டு மட்கிப்போயிருக்கும். ஒரு மெல்லிய திருப்புளியை முனையில் அழுத்துங்கள். அது உள்ளே இறங்கினால் அந்தக் கட்டை இப்போதுள்ள சுமைக்கே ஆபத்தானது.

இடம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. முற்றத்தின் மேல், சுற்றுக் கூரையைவிட இரண்டடி உயரத்தில், நான்கு பக்கமும் காற்றுப் போக இடைவெளி விட்டு, இலகுவான சட்டத்தில் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு, இடைவெளியில் வலை அடித்துவிட்டால், மழை உள்ளே விழாது, வெளிச்சமும் குறையாது, தாழ்வாரமும் முற்றமும் சேர்ந்து ஒரே கூடமாகப் பயன்படும். அந்தச் சட்டத்தின் கால்களை மரத்தூணின் மேல் வைக்காமல் சுவரின் மேல் வைக்க வேண்டும். கூடுதல் அறை வேண்டுமானால் கொல்லைப்புறத்தில், பழைய சுவரைச் சாராமல், தனிக் கடைக்காலில் எடுங்கள். இரண்டு தளமாகவே எடுத்தாலும் தெருவிலிருந்து அது கண்ணில் படாது.

பழைய சுவரைச் சிமென்ட் கொண்டு பூசுவதை எப்படியாவது தடுத்துவிடுங்கள். மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமென்ட் பூச்சு அதை உள்ளே அடைத்து, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பாளம் பாளமாக விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள். வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளை முகப்பு மாறாமல் மீட்டெடுத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. அந்தப் பணியில் ஈடுபட்ட, மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளையில் இத்தகைய வீடுகளுக்கு ஆலோசனை பெறலாம். தம்பியை அந்த வீதிக்கு ஒரு மாலை நேரத்தில் அழைத்துச் செல்லுங்கள். அனுமதிக்கு நகரமைப்புக் குழுமத்துக்குப் போகும்போது, உங்கள் வீடு மரபுக் கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் முகப்பில் கை வைக்க முன் ஒப்புதல் தேவைப்படும்.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் வீடு. மகன் போட்டித் தேர்வுக்குப் படிப்பதற்காக மொட்டை மாடியில் இரும்புப் பைப் நிறுத்தி ஷீட் போட்டு ஓர் அறை அமைக்கலாமா? கான்கிரீட்டைவிடச் செலவு குறைவு என்கிறார்கள்.
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: அமைக்கலாம், ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதை நினைவில் வைத்துக்கொண்டு அமைக்க வேண்டும். ஷீட் கூரைக்கு எதிரி சுமை இல்லை, காற்றின் இழுப்பு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு 90 கிலோவை எட்டும். அரை மில்லிமீட்டர் ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட இல்லை. ஆகவே ஷீட்டைக் கீழே பிடித்து வைத்திருப்பது அதன் எடை அல்ல. போல்ட்டும், போல்ட்டைப் பிடித்திருக்கும் பைப்பும், பைப்பைப் பிடித்திருக்கும் தளமும்தான். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஷீட் பறந்து இன்னொருவர் வீட்டில் விழும். பைப்பின் காலைத் தளத்தில் சிறிது கொத்திச் சிமென்ட் வைத்து நிறுத்துவது பலருக்கு வழக்கமாக இருக்கிறது. அது போதாது. அடித்தகடு வைத்து, கீழே பீம் ஓடும் இடமாகப் பார்த்து, நான்கு ஆங்கர் போல்ட்டால் முடுக்க வேண்டும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு மிக அதிகம் என்பதால், அங்கே போல்ட்டுகளின் இடைவெளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடித்த சாதாரணப் பைப் உங்கள் ஊர்க் காற்றில் உள்பக்கமிருந்தே துருவெடுக்கும். மேலே வண்ணம் பளபளப்பாக இருக்க, உள்ளே தகடு காகிதம்போல ஆகிவிடும். துத்தநாகத்தில் முக்கியெடுத்த பைப்பை வாங்கி, வாய்களை மூடிப் பற்றவைத்து, பற்றவைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு அடியுங்கள். சித்திரை வெயிலில் வெறும் ஷீட்டின் கீழ் யாராலும் படிக்க முடியாது. உள்ளே வெப்பத்தடைப் பஞ்சு வைத்த இரட்டைத் தகட்டுப் பலகைகள் விலை கூடுதலானாலும் அவற்றையே பரிந்துரைக்கிறேன். உங்கள் வீடு உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். ஷீட் அறைதானே என்று கேட்காமல் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: செம்மண்டலத்தில் வீட்டின் பின்புறம் ஐந்தடி இடம் வீணாகக் கிடக்கிறது. செப்டிக் டேங்க்கும் அங்கேதான் உள்ளது. அதன் மேல் தளம் போட்டுச் சமையலறையை நீட்டிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: வேண்டாம். அந்த இடம் வீணாகக் கிடக்கவில்லை. மழைநீர் வடிவதற்கும், காற்று வருவதற்கும், தொட்டியைத் திறந்து கழிவை எடுப்பதற்கும் அது தேவை. தொட்டியில் உண்டாகும் வாயுவில் எரியக்கூடிய மீத்தேனும் நச்சான ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. அதன் மேல் அடுப்பு வைப்பதை நினைத்துப் பார்க்கவே கூடாது. விதிப்படி விட வேண்டிய பின்புற இடத்தை மூடினால் அனுமதியும் கிடைக்காது. சமையலறைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவில் சுவர் இருந்தால், அது சுமை தாங்கும் சுவர் இல்லை என்று பொறியாளர் உறுதி செய்த பிறகு அதை எடுத்துவிட்டு மேடையை நீட்டுங்கள். தேவையான இடம் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் அப்பா பெயரில் வீடு. நான் மூத்தவன்; ஒரு தம்பி, ஒரு தங்கை. என் சம்பளத்தில் வங்கிக் கடன் பெற்று மாடி கட்டிக் குடும்பத்தோடு அங்கேயே இருக்க அப்பா சம்மதித்துவிட்டார். இதில் வேறு ஏதேனும் கவனிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: அப்பாவின் சம்மதம் வாய்ச்சொல்லாக இருக்கும்வரை, மாடி உங்கள் பணத்தில் எழுந்தாலும் ஆவணங்களில் அது அப்பாவின் வீட்டுக்கு ஒரு கூடுதல் பகுதி மட்டுமே. வங்கியும் அப்பாவைக் கடனில் சேர்ந்து கையெழுத்திடச் சொல்லி, முழு வீட்டையும் அடமானமாகக் கேட்கும். தவணை தவறினால் பெற்றோர் குடியிருக்கும் கீழ்வீடும் அந்த அடமானத்துக்குள் இருக்கிறது என்பதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது ஆகிய மூன்றிலும் பெயரும் அளவும் ஒத்திருக்கின்றனவா, பழைய வீட்டுக்கு அனுமதி வரைபடம் இருக்கிறதா என்று வங்கி கேட்கும் முன்பே நீங்கள் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அப்பா உயில் எழுதாமல் காலமானால், அவர் சுயமாகச் சம்பாதித்த வீடானாலும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்கள் மூவருக்கும் சம பங்கு உண்டு. தங்கைக்குத் திருமணமாகிவிட்டது என்பதால் அவருடைய பங்கு போய்விடாது. மாடிக்கு நீங்கள் செலவிட்ட தொகையை அன்றைக்குக் கணக்குக் காட்டுவது எளிதாக இருக்காது. எனவே கடைக்காலைச் சோதிக்கும் அதே வாரத்தில் வழக்கறிஞர் ஒருவரையும் பாருங்கள். மாடி உரிமையையும் நிலத்தில் அதற்குரிய பிரிக்கப்படாத பங்கையும் அப்பா உங்களுக்குச் செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்வதா, உயிலில் குறிப்பிடுவதா என்பதைப் பெற்றோரும் பிள்ளைகள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தம்பியிடமும் தங்கையிடமும் மறைத்து எழுதும் பத்திரம், பின்னால் அவர்கள் உள்ளத்தில் உண்டாக்கும் வருத்தத்தை எந்தச் சட்டமும் ஆற்றாது. அவர்களையும் சாட்சிக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

அந்த ஆவணத்தில் சின்ன விஷயங்களாகத் தோன்றுபவற்றையும் எழுதிவிட வேண்டும். மாடிப்படி வெளியிலிருந்து தனியாக ஏறுகிறதா, கீழ்வீட்டுக் கூடத்தின் வழியாகவா. மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும் யாருடைய பயன்பாட்டில் இருக்கும். மோட்டாருக்கான மின்கட்டணத்தை யார் செலுத்துவது. மாடிக் கழிவறை கீழே கசிந்தால் செலவு யாருடையது. இப்படி ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்குவதும், படியை வெளிப்பக்கம் அமைப்பதும் இதை மிகவும் எளிதாக்கும். வெளிப்படிக்கு மூன்றடி அகலமும், ஒவ்வொரு படிக்கும் ஆறரை அங்குல உயரமும் பத்து அங்குல மிதிதளமும் கிடைக்கும்படி இடத்தை இப்போதே வரைபடத்தில் ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் மாடியை முடித்த பிறகு படிக்கு இடம் தேடுபவர்களுக்குச் செங்குத்தான படிதான் கிடைக்கிறது.